நடுவர் தீர்ப்பு ஷரத்து உள்ள ஒப்பந்தம்: 38 லட்சம் நிலுவைக்கு எப்படிப்பட்ட வழக்கறிஞரைத் தேட வேண்டும்?

கேள்வி: கணபதி பட்டறைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கிடங்குகளுக்கான ரேக்குகளும் தள்ளுவண்டிகளும் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். 2022 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் உள்ள ஒரு நிறுவனம் 1 கோடியே 12 லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தது. சரக்கு பதினொரு லோடுகளாகப் போய்ச் சேர்ந்தது. கடைசி லோடும் அதற்கான பில்லும் 2023 மார்ச் மாதத்தவை. இதுவரை 74 லட்சம் வந்திருக்கிறது. மீதி 38 லட்சத்தைக் கேட்டால் முதலில் "அடுத்த காலாண்டில் தருகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். இப்போது தாமதத்தால் தங்களுக்கு 22 லட்சம் நட்டம், அதைக் கழித்துக்கொள்வோம் என்கிறார்கள்.

ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு ஷரத்தை நான் அண்மையில்தான் முழுமையாகப் படித்தேன். தகராறு எழுந்தால் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் தனி நடுவர் ஒருவரே அதைத் தீர்ப்பார் என்றும், நடுவர் தீர்ப்பின் அமர்விடம் சென்னை என்றும் அதில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தின் நில வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்கிறார். வேறொருவர், இந்த ஷரத்து இருப்பதால் நீதிமன்றத்துக்கே போக முடியாது என்கிறார். "ஆர்பிட்ரேஷன் வக்கீல்" ஒருவரைப் பிடித்தால் அவரே இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடுவார் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இதற்கிடையே அந்த நிறுவனத்தார், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை நடுவராகப் போடுகிறோம், உங்களுக்குச் சம்மதம் என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் அனுப்புங்கள் என்று நான்கு நாட்களாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு எப்படிப்பட்ட வழக்கறிஞரைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பட்டறையில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள்; இந்தத் தொகை எனக்குச் சிறியதல்ல.

பதில்: சென்னை வழக்கறிஞர்

ஐயா, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அந்தச் சம்மத மின்னஞ்சலை அனுப்ப வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். தகராறில் சம்பந்தப்பட்ட ஒரு தரப்பின் நிர்வாக இயக்குநர் தானே நடுவராக இருக்கவும் முடியாது, தன் விருப்பப்படி தனி நடுவர் ஒருவரை நியமிக்கவும் முடியாது என்று 2019 நவம்பரில் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும், ஒரு தரப்பு மட்டும் தனி நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கு விரோதமானது என்று கூறியிருக்கிறது. ஆனால் தகராறு எழுந்த பிறகு எழுத்துமூலமாக, வெளிப்படையாக நீங்களே அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தால் சட்டம் அதை ஏற்றுக்கொள்ளும். 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 12(5) பிரிவின் விலக்கு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் உங்களிடம் கேட்பது அந்த விட்டுக்கொடுப்பைத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, உங்கள் நண்பர் சொன்னதில் உள்ள குழப்பம். நடுவர் வேறு, வழக்கறிஞர் வேறு. செய்தித்தாள்கள் சமரசப் பேச்சையும் நடுவர் தீர்ப்பையும் சேர்த்தே "மத்தியஸ்தம்" என்று எழுதுவதால் பலருக்கு இந்த மயக்கம் ஏற்படுகிறது. சமரசம் பேசுகிறவர் சொல்வதை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடுவர் வழங்குவது தீர்ப்பு. அதை நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றிக்கொள்ளலாம். நடுவர் இரு தரப்புக்கும் பொதுவானவர், அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; பொறியாளர்கள் நடுவராக இருப்பதும் உண்டு. நீங்கள் அமர்த்தும் வழக்கறிஞர் அந்த நடுவரின் முன்னால் உங்களுக்காக வாதாடுகிறவர். ஆகவே நீங்கள் தேட வேண்டியவர், எழுத்தில் வலுவாகக் கோரிக்கை மனு தயாரிக்கவும், ஆவணங்களை வரிசைப்படுத்தவும், எதிர்த் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் பழகியவர்.

இரண்டு வழக்கறிஞர்கள் சொன்னதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் உரிமையியல் வழக்குப் போடுவதை அந்த ஷரத்து மட்டும் தடுக்கப்போவதில்லை; ஆனால் எதிர்த் தரப்பு தன் முதல் பதிலுரையைத் தாக்கல் செய்வதற்குள் 8ஆம் பிரிவைக் காட்டி நடுவரிடம் அனுப்பக் கேட்டால் நீதிமன்றம் அனுப்பிவிடும், உங்களுக்கு மாதங்கள் வீணாகும். கால வரம்பு மூன்று ஆண்டுகள் என்பதால் 2023 மார்ச் பில்லுக்கு 2026 மார்ச் வரைதான் நேரம். அதற்கு முந்தைய பில்களுக்கு இன்னும் குறைவு. "அடுத்த காலாண்டில் தருகிறோம்" என்ற அந்த மின்னஞ்சல், கடனை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டால் அந்தத் தேதியிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, அதை அழிக்கவும் கூடாது. 21ஆம் பிரிவின்படி, தகராறை நடுவரிடம் விட வேண்டும் என்ற உங்கள் நோட்டீஸ் எதிர்த் தரப்பின் கைக்குப் போய்ச் சேரும் நாளில்தான் நடுவர் நடவடிக்கை தொடங்கியதாகப் பொருள். எனவே அந்த நோட்டீஸ் சேர்ந்ததற்கான சான்று உங்கள் கோப்பின் முதல் தாளாக இருக்க வேண்டும். நோட்டீஸிலேயே நீங்கள் இரண்டு மூன்று நடுநிலையாளர்களின் பெயர்களை முன்மொழியலாம். 30 நாட்களுக்குள் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால், 11ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்து நடுவரை நியமிக்கக் கேட்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, சட்டத்தின் நான்காவது அட்டவணையை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். 20 லட்சத்துக்கு மேல் 1 கோடி வரையான கோரிக்கைக்கு நடுவர் கட்டணம் 97,500 ரூபாயும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 3 சதவீதமும். உங்கள் 38 லட்சத்துக்கு அது 1,51,500 ரூபாய். தனி நடுவராக இருந்தால் அதன் மேல் 25 சதவீதம் கூடும். மொத்தம் 1,89,375 ரூபாய், வழக்கமாக இதை இரு தரப்பும் பாதிப் பாதியாகச் செலுத்துவார்கள். அவர்களுடைய 22 லட்சம் எதிர்க் கோரிக்கைக்குக் கட்டணம் தனியாகக் கணக்கிடப்படும். நடுவர் தானாகவே ஒருதலையாகக் கட்டணத்தை நிர்ணயித்துக்கொள்ள முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், முதல் அமர்விலேயே இதைப் பேசி எழுத்தில் பதிவு செய்யும் வழக்கறிஞராகப் பாருங்கள். உங்கள் வழக்கறிஞரின் கட்டணம் இதில் சேராது.

பதில்: கட்டுமானக்காரர், ஈரோடு

வழக்கறிஞர் அம்மையார் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆளைத் தேடுவதைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன்.

2018இல் எனக்கும் இப்படி ஒரு பாக்கித் தகராறு வந்தபோது, குற்றவியல் வழக்குகளில் நல்ல பெயர் எடுத்த வழக்கறிஞர் ஒருவரை, தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அமர்த்தினேன். நல்ல மனிதர்தான். ஆனால் ஒப்பந்தத்தை அவர் ஒருமுறைகூட முழுதாகப் படிக்கவில்லை. எங்கள் நடுவருக்கு அமர்வு ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசியிருந்தார்கள். அதோடு கூடத்துக்கு வாடகை. எங்கள் வழக்கறிஞருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை இருந்ததால் வாய்தா வாய்தாவாகப் போய், ஏழு அமர்வுகளில் ஒரு சாட்சிகூடக் கூண்டேறவில்லை, பணம் மட்டும் போனது. கடைசியில் மாற்ற முடிவு செய்து கோப்பைக் கேட்டபோது, பாக்கிக் கட்டணம் தந்தால்தான் தருவேன் என்றார். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு மாதம் அலைந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது முறை நான் தேடிய விதம் வேறு. இணையத்தில் "சிறந்த வழக்கறிஞர்" என்று வரும் பட்டியல்களை நம்ப வேண்டாம். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவே விதி இடம் தருவதில்லை; இணையத்தளங்கள் வழியாக ஆள் பிடிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக, நடுவர் தீர்ப்பை எதிர்த்து 34ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்குகளின் உத்தரவுகளை நீதிமன்றத்தின் இணையதளத்தில் தேடிப் படித்தேன். யாருக்காக யார் வாதாடினார் என்று ஒவ்வொன்றின் தலைப்பிலும் இருக்கும். கட்டுமானத் தகராறுகளில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. பிறகு, நடுவர் விசாரணைகளில் நிபுணர் சாட்சியாகப் போய் வரும் எங்கள் கட்டமைப்புப் பொறியாளரிடம் அந்த மூன்று பெயர்களையும் காட்டி, "இவர்களில் உங்களைக் குறுக்கு விசாரணையில் திணறவைத்தவர் யார்?" என்று கேட்டேன். அவர் யோசிக்காமல் ஒரு பெயரைத் தொட்டார். அவரைத்தான் அமர்த்தினேன்.

சென்னை தம்புச் செட்டித் தெருவில், குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டிய அறை அது. நான் கொண்டுபோன இரண்டு பெட்டி காகிதங்களையும் அவர் மேசைமேல் கொட்டச் சொன்னார். நான் கதையைத் தொடங்கியதும் கையமர்த்திவிட்டு, முதலில் ஒப்பந்தத்தை எடுத்து நடுவர் ஷரத்தைப் பென்சிலால் கோடிட்டார். பிறகு சலான்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்து, கையெழுத்து இல்லாத ஒரு சலானில் நின்றார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மங்கிப்போன ஊதா மையில் வாயிற்காவலரின் முத்திரையும், உள்ளே வந்த நேரமும், பதிவேட்டு எண்ணும் இருந்தன. "இந்தப் பதிவேட்டை அவர்களைக் கொண்டுவரச் சொல்வோம்" என்றார். விசாரணையில் அந்தப் பதிவேடு வந்தபோது, சரக்கே வரவில்லை என்று சொன்ன அவர்களுடைய கணக்கு மேலாளருக்குப் பதில் சொல்ல வழியில்லை. 2021இல் தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. அவர்கள் 34ஆம் பிரிவில் போனார்கள், 2023இல் அது தள்ளுபடியானது, அடுத்த ஆண்டு பணம் வந்தது. வேகமான வழி என்று சொல்லி யாராவது ஆறே மாதத்தில் முடித்துத் தருவதாக வாக்களித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அமர்த்தும் முன் நான்கு விஷயங்களை நேராகக் கேளுங்கள். குறுக்கு விசாரணை வரை போன நடுவர் வழக்குகள் எத்தனை நடத்தியிருக்கிறார்? அமர்வுகளுக்கு அவரே வருவாரா, இளையவரை அனுப்புவாரா? எதிர் நிறுவனத்துக்காகவோ அதன் குழும நிறுவனங்களுக்காகவோ எப்போதாவது ஆஜராகியிருக்கிறாரா? நோட்டீஸ், நடுவர் நியமனம், மனு, சாட்சி விசாரணை, இறுதி வாதம் என்று படிப்படியாகக் கட்டணத்தை எழுதித் தருவாரா? வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரை ஒதுக்கிவிடுங்கள். நம் நாட்டில் பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன, விதியை உங்களுக்காக மீறுகிறவர் நாளை வேறொருவருக்காக உங்களையும் மீறுவார்.

பதில்: தணிக்கையாளர், கோவை

ஐயா உற்பத்தி செய்து விற்கிறவர் என்பதை இதுவரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா? இருந்தால் அது ஆர்டர் தேதிக்கு, அதாவது 2022 செப்டம்பருக்கு, முந்தையதா?

முந்தையது என்றால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்குத் தனி வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. 15ஆம் பிரிவின்படி வாங்கியவர் எவ்வளவு தவணை பேசியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் 16ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் அசலோடு சேரும் கூட்டு வட்டி. 18ஆம் பிரிவின் கீழ், இத்தகைய பாக்கித் தகராறுகளுக்காக அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய இடங்களில் இவை இயங்குகின்றன. விற்றவர் எந்த எல்லையில் இருக்கிறாரோ அந்த மன்றத்துக்கே அதிகாரம் என்பதால், நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, அவர்கள்தான் கோவைக்கு வர வேண்டும். மன்றம் முதலில் சமரசம் பேசும். அது கைகூடாவிட்டால் தானே நடுவராக இருந்து தீர்க்கும் அல்லது ஒரு நடுவர் மையத்துக்கு அனுப்பும். ஒப்பந்தத்தில் தனியாக நடுவர் ஷரத்து இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். வாங்கியவர்கள் பணிந்து பேச வருவது பெரும்பாலும் இந்த ஒரு விதியால்தான்.

காகிதங்களைப் பொறுத்தவரை, உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட வருமான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு அவர்கள் உங்களிடம் 50 லட்சத்துக்கு மேல் வாங்கியிருப்பதால், வருமான வரிச் சட்டத்தின் 194க்யூ பிரிவில் வரிப் பிடித்தம் செய்திருக்க வாய்ப்பு உண்டு. பணம் தராத பில்களுக்கும் பிடித்தம் காட்டியிருந்தால், அந்தத் தொகையைத் தாங்கள் தர வேண்டியதாகத் தங்கள் கணக்கிலேயே எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

கேள்வியாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். உத்யம் பதிவு 2021 ஆகஸ்ட் மாதத்தது. பணம் வராத நான்கு பில்களுக்கும் 26ஏஎஸ் படிவத்தில் பிடித்தம் இருக்கிறது. சம்மத மின்னஞ்சலை அனுப்பவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மீதம். ரேக்குகளை அங்கே போய்ப் பொருத்தியும் கொடுத்தோம். ஆர்டரில் அதற்கென 6 லட்சம் தனியாக இருக்கிறது. இதனால் மன்றத்துக்குப் போவதில் சிக்கல் வருமா? மன்றத்துக்குப் போனால் வழக்கறிஞரே தேவையில்லை என்று சிலர் சொல்வதும் சரியா?

பதில்: சென்னை வழக்கறிஞர்

தணிக்கையாளர் ஐயா சுட்டிக்காட்டியது மிகச் சரி. பட்டறை என்று படித்தவுடனேயே நான் உத்யம் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது கோவை மன்றத்தைத்தான்.

இது சரக்கு விற்பனை இல்லை, வேலை ஒப்பந்தம் என்று அவர்கள் நிச்சயமாக ஆட்சேபிப்பார்கள். 1 கோடியே 12 லட்சத்தில் பொருத்துகூலி 6 லட்சம் மட்டுமே என்பதும், அது ஆர்டரில் தனி வரியாக இருப்பதும் உங்களுக்குச் சாதகம். பணம் வராத அந்த நான்கு பில்களில் பொருத்துகூலி பில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆட்சேபம் இன்னும் மெலிந்துவிடும். அவர்கள் தங்கள் 22 லட்சம் எதிர்க் கோரிக்கையை மன்றத்தின் முன்னும் எழுப்பலாம், அதற்கு இடமுண்டு. ஆனால் தாமதம் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த லோடு எத்தனை நாள் பிந்தியது, அதனால் என்ன இழப்பு என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும்.

மனுவை நீங்களே பதிவேற்றலாம் என்பது உண்மை. சமரசக் கட்டம் வரை பலர் அப்படித்தான் போகிறார்கள். எதிர்க் கோரிக்கையும் அதிகார வரம்பு ஆட்சேபமும் வரப்போகிற வழக்கில் முதல் மனுவை எழுதும்போதே வழக்கறிஞர் உடனிருப்பது நல்லது, ஏனென்றால் அதில் விட்டுப்போனதைப் பிறகு சேர்ப்பது கடினம். அமர்வுகள் கோவையில் நடக்கும் என்பதால் சென்னையிலிருந்து ஆளை வரவழைக்க வேண்டியதில்லை. கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவில், வசதியாக்க மன்றத்தில் வழக்கு நடத்திய உறுப்பினர்கள் பலர் இருப்பார்கள். ஈரோட்டு ஐயா தன் பொறியாளரிடம் கேட்ட அதே கேள்வியை அவர்களிடம் கேளுங்கள். கால வரம்பு மன்றத்தின் நடுவர் கட்டத்துக்கும் பொருந்தும் என்பதால், பணம் வராத நான்கு பில்களில் முதலாவதன் தேதியைப் பார்த்து, அது மூன்றாண்டைத் தொடுவதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். அந்தத் தேதி என்ன?

கேள்வியாளர்

2023 ஜனவரி 19. பொருத்துகூலி பில் அந்த நான்கில் இல்லை, அதற்குப் பிப்ரவரியிலேயே பணம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை கொடிசியாவுக்குப் போகிறேன். ஆர்டர், சலான்கள், 26ஏஎஸ், அந்தக் காலாண்டு மின்னஞ்சல் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து வைத்துவிட்டேன்.